பெங்களூரில் அயர்ன் மெய்டன்: நம்ம ஊர்ப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பெங்களூருக்குப் போய் அயர்ன் மெய்டன் என்ற இங்கிலாந்து ஹெவி மெட்டல் குழுவின் கச்சேரியை நேரில் பார்த்த ஆட்கள் பாளை, பேட்டை, அம்பை, வள்ளியூர் என்று அங்கங்கே இருக்கிறோம். இப்போது கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் அந்தக் குழுவின் படம் போட்ட டீ-ஷர்ட்டைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து பேச ஆரம்பிக்கிறார்கள். கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் பாதிப் பாதியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று நண்பர்களின் நினைவுகளையும் கேட்டுச் சேர்த்திருக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

“அண்ணாச்சி, ஹெவி மெட்டல்னா என்ன? சும்மா கத்துறதுதானே?”

இல்லை. இங்கிலாந்தில் பர்மிங்காம் என்ற தொழிற்சாலை நகரத்தில் பிளாக் சபாத் குழு இதைத் தொடங்கியது. அவர்களுடைய முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13 அன்று வந்தது. கிட்டார் வாசித்த டோனி அயோமி, 17 வயதில் தகடு வெட்டும் பட்டறையில் வேலை பார்த்தபோது வலது கையில் இரண்டு விரல்களின் நுனியை இயந்திரத்தில் பறிகொடுத்தவர். அவர் இடது கைப் பழக்கக்காரர் என்பதால் கம்பியை அழுத்தும் விரல்களே போய்விட்டன. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குக் குப்பி செய்து, அதன் மேல் தோல் ஒட்டி மறுபடி வாசித்தார். பின்னால் கம்பிகளின் முறுக்கைத் தளர்த்தி, சுருதியைக் கீழே இறக்கினார். அந்தக் கனமான ஒலியிலிருந்து ஒரு இசை வகையே கிளம்பியது.

தொண்டையைக் கரகரவென்று ஆக்கிப் பாடும் பாணி பிற்பாடு வந்த கிளைகளில் உண்டு. பழைய மெட்டலில், குறிப்பாக மெய்டனில், புரூஸ் டிக்கின்சன் முழுக் குரலில் பாடுவார். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் காதில் விழும்.

“அயர்ன் மெய்டனை மட்டும் ஏன் இப்படிக் கொண்டாடுதீங்க?”

1975-இல் கிழக்கு லண்டனில் ஸ்டீவ் ஹாரிஸ் ஆரம்பித்த குழு. அவர் பேஸ் கிட்டார் வாசிப்பவர். பொதுவாக அந்த வாத்தியம் பின்னால் மறைந்திருக்கும். இங்கே அதுதான் பாட்டை இழுத்துக்கொண்டு ஓடும். விரலாலேயே வாசிப்பார். ஒரு நீள அடி, இரண்டு குட்டை அடி என்று விடாமல் போகும் அந்தத் தாளத்தை ஒரு தடவை பிடித்துக்கொண்டால் எந்தப் பாட்டிலும் அடையாளம் தெரியும். மேலே கிட்டார்கள் ஒரே மெட்டைச் சுரம் விலக்கிச் சேர்ந்து வாசிக்கும். 1999-இல் பாடகர் டிக்கின்சனும் கிட்டார் வாசிக்கும் ஏட்ரியன் ஸ்மித்தும் திரும்பி வந்ததிலிருந்து மூன்று கிட்டார்கள்.

எங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கேட்டு வளர்ந்த பெரிய குழுக்களில், எங்களால் போய்ச் சேர முடிகிற தூரத்துக்கு முதலில் வந்தவர்கள் அவர்கள்தான்.

“எப்போ வந்தாங்க? எல்லாரும் சொல்ற அந்தக் கச்சேரி எது?”

2007 மார்ச் 17, சனிக்கிழமை, பெங்களூர் அரண்மனை மைதானம். அதற்கு முன்பும் டீப் பர்ப்பிள் போன்ற ராக் குழுக்கள் இந்தியா வந்ததுண்டு. ஆனால் முழு ஹெவி மெட்டல் குழு ஒன்று, தன் மேடை, ஒளி, தன் சின்னமான ‘எட்டி’ பொம்மை எல்லாவற்றோடும் வந்தது அன்றுதான். டெல்லியின் பரிக்ரமா குழுவும், ஸ்டீவ் ஹாரிஸின் மகள் லாரன் ஹாரிஸும் முன்னால் பாடினார்கள். பரிக்ரமாவுக்கு அதே வருடம் இங்கிலாந்தின் ‘டவுன்லோட்’ என்ற ராக் இசை விழாவில் வாசிக்க வாய்ப்பு வந்தது.

அப்புறம் 2008 பிப்ரவரி 1-இல் மும்பை. 2009 பிப்ரவரி 15-இல் மறுபடி பெங்களூர். நம்ம பக்கத்து ஆட்களில் பெரும்பாலோர் 2007-க்கோ 2009-க்கோ போனவர்கள்.

“அந்தக் காலத்துல திருநெல்வேலியில இந்தப் பாட்டெல்லாம் எப்படிக் கிடைச்சது?”

கைமாறிக் கைமாறித்தான் வந்தது. வளைகுடாவிலிருந்து வந்த மாமா கொண்டுவந்த கேசட், சென்னையில் படித்த அண்ணன் பதிவு செய்து கொடுத்த கேசட், அப்புறம் ஹாஸ்டலில் சுற்றிய எம்பி3 சிடி. அம்பையில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் இருந்த நகலில் பாட்டுகளின் பெயரே கிடையாது. எந்தப் பாட்டுக்கு என்ன பெயர் என்று அவருக்குத் தெரிய வருடங்கள் ஆயின. இத்தனைக்கும் ஒவ்வொரு பாட்டிலும் எந்த இடத்தில் கிட்டார் ஏறும், எங்கே டிரம் நிற்கும் என்பது அவருக்கு மனப்பாடம்.

இதில் முக்கியமானது, எல்லோரும் தனியாகக் கேட்டவர்கள். வீட்டில் சத்தமாக வைக்க முடியாது. கூடப் படிப்பவர்களிடம் சொன்னால் புரியாது. ஊரில் தன்னைத் தவிர இதைக் கேட்கிறவர் யாருமில்லை என்றுதான் ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம். கீழே வரும் பதில்களில் பல இதை வைத்துத்தான்.

“இங்கருந்து எப்படிப் போனீங்க? வீட்ல என்ன சொன்னீங்க?”

வண்ணாரப்பேட்டையில் ஆம்னி பஸ் ஏறியவர்கள் உண்டு, ரயிலில் போனவர்கள் உண்டு. இப்போது போவதென்றால் நாகர்கோவில்–பெங்களூர் எக்ஸ்பிரஸ் திருநெல்வேலி வழியாகவே போகிறது. தூத்துக்குடி–மைசூர் எக்ஸ்பிரஸை மணியாச்சியிலோ கோவில்பட்டியிலோ பிடிக்கலாம். எதில் போனாலும் ஒரு ராத்திரிப் பயணம். கச்சேரி அன்று காலையில் போய் இறங்கினால் நாள் முழுக்க வெயிலில் நிற்க வேண்டிவரும். முடிந்தால் முந்தின நாளே போய்விடுவது நல்லது.

வீட்டில் சொன்ன காரணங்களில் ‘இன்டர்வியூ’தான் அதிகம். பெங்களூர் என்றால் எந்த அப்பாவும் நம்புவார். பேட்டை நண்பர் ஒருவர் மட்டும் அப்பாவிடம் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார். அந்த அப்பா பழைய கச்சேரி ரசிகர். மதுரை சோமுவைக் கேட்க விடிய விடிய கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தவர். ஒரு கேள்வியும் கேட்காமல் பணம் எடுத்துக் கொடுத்து, “முன்னாடி இடம் பிடிச்சு உக்காரு” என்றாராம். உட்கார இடமிருக்காது என்று நண்பர் சொல்லவில்லை.

“அவ்வளவு கூட்டத்துல நசுங்கிற மாட்டோமா?”

மேடைக்கு முன்தடுப்பை ஒட்டி நின்றால் நெருக்கடி கடுமையாகத்தான் இருக்கும். கூட்டம் இடமும் வலமுமாகச் சாயும்போது நம் கால் நம் சொல் கேட்காது. அந்த நேரத்தில் எதிர்த்துத் தள்ளக் கூடாது. சாய்வோடு போய், அது தளரும்போது ஓரமாக விலக வேண்டும். கைகளை நெஞ்சுக்கு முன்னால் மடக்கி வைத்தால் மூச்சுவிட இடம் கிடைக்கும். செருப்புப் போட்டுப் போகாதீர்கள், ஷூதான். நடுவில் சிலர் வட்டம் கட்டி ஒருவரையொருவர் மோதி ஆடுவார்கள். யாராவது விழுந்தால் சுற்றியிருப்பவர்கள் உடனே தூக்கிவிடுவார்கள். இந்த ரசிகர்களிடம் அது எழுதாத சட்டம்.

இன்னொரு நல்ல இடம், மைதானத்தின் நடுவில் ஒலியைச் சரிசெய்யும் கன்சோலுக்குப் பக்கம். கச்சேரியின் ஒலியை அங்கே நின்று கேட்டுத்தான் அமைக்கிறார்கள். அதனால் எல்லா வாத்தியமும் சரியான அளவில் கேட்பது அங்கேதான். மூச்சு முட்டவும் செய்யாது.

“பொண்ணுங்க போனாங்களா? போகலாமா?”

போனார்கள். எண்ணிக்கை குறைவு. பாளையிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போன ஒரு தோழி 2009-இல் தன் விடுதித் தோழிகளோடு பார்த்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “கூட்டத்துல ஒருத்தன் வேணும்னே இடிச்சான். நான் திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள பக்கத்துல நின்ன முன்னப்பின்ன தெரியாத பையங்க அவனை வெளியே தள்ளிட்டாங்க. அதுக்கப்புறம் கடைசிப் பாட்டு வரைக்கும் எங்களைச் சுத்தி இடம் விட்டு நின்னாங்க.” எல்லோருக்கும் அப்படி நல்லபடியாக அமைந்தது என்று நான் சொல்ல மாட்டேன். தனியாகப் போகாமல் துணையோடு போவது, கன்சோல் பக்கம் நிற்பது, திரும்பி வர வண்டியை முன்னாடியே பேசி வைப்பது, இந்த மூன்றும் அவர் சொல்லும் யோசனை.

அவருக்கு இன்றும் ஒரு வருத்தம் உண்டு. ஊரில் இதே பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்த எங்களில் ஒருவரையும் அவருக்கு அப்போது தெரியாது. தெருவில் நின்று டீ குடித்துப் பேசுகிற வசதி எங்களுக்கு இருந்தது, அவருக்கு இல்லை. மேலே சொன்ன தனிமை பெண் பிள்ளைகளுக்கு இரண்டு மடங்கு.

“எட்டின்னா பேயா? 666-னு வேற பாடுதாங்க. எங்க வீடு சபைக்குப் போற வீடு, தப்பில்லையா?”

பாளையில் இந்தக் கேள்வியைக் கேட்காத வீடு குறைவு. எட்டி என்பது 1980-இல் வந்த முதல் ஆல்பத்தின் அட்டையில் இடம்பெற்ற, டெரெக் ரிக்ஸ் வரைந்த உருவம். ஒவ்வொரு ஆல்பத்திலும் வேறு வேறு வேஷத்தில் வரும். மேடையில் ஆள் உயரத்தை மீறி நடந்து வரும். 666 என்பது பைபிளில் மிருகத்தின் எண்ணாக வருவது. அந்தப் பாட்டு ஸ்டீவ் ஹாரிஸ் கண்ட ஒரு கெட்ட கனவிலிருந்து வந்தது. பயந்தவனின் குரலில்தான் பாட்டின் பெரும்பகுதி நடக்கிறது. யாரையும் கும்பிடச் சொல்லவில்லை. அந்தப் பாட்டுக்கு மேடையில் பல வருடம் டிரம் வாசித்த நிக்கோ மெக்பிரெய்ன் 1999-இல் கிறிஸ்தவ விசுவாசத்துக்கு வந்தவர். அதை வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டே குழுவில் தொடர்ந்தார்.

மற்ற பாட்டுகளில் சரித்திரமும் இலக்கியமும் நிறைய. 1854 கிரீமியப் போரில் பீரங்கிகளுக்கு நேராகக் குதிரையில் பாய்ந்து பலரைப் பறிகொடுத்த படையைப் பற்றி ஒன்று. ஆல்பட்ராஸ் பறவையைக் கொன்ற மாலுமியைப் பற்றிக் கோல்ரிட்ஜ் எழுதிய நெடுங்கவிதையை வைத்து 13 நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒன்று. பி.ஏ. ஆங்கிலம் படிக்கிறவர்கள் அதைக் கேட்டுப் பார்க்கலாம். வீட்டில் பெரியவர்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் சண்டை போட வேண்டாம். பாட்டின் வரிகளை அச்செடுத்துக் கொடுங்கள். எங்கள் நண்பர் வீட்டில் அதுதான் வேலை செய்தது.

“மேடையில அவங்க வந்த அந்த நேரம் எப்படி இருந்துச்சு?”

வருவதற்கு முன்பே தெரிந்துவிடும். மெய்டன் கச்சேரிகளில் விளக்கு அணைவதற்கு முன் யூஎஃப்ஓ என்ற பழைய குழுவின் ‘டாக்டர் டாக்டர்’ பாட்டை ஒலிபெருக்கியில் போடுவது வழக்கம். தெரிந்தவர்கள் அதைக் கேட்டதுமே கத்த ஆரம்பிப்பார்கள். தெரியாதவர்கள் அவர்களைப் பார்த்துக் கத்துவார்கள்.

எல்லோரும் மறக்காமல் சொல்வது ‘ஃபியர் ஆஃப் தி டார்க்’ பாட்டைத்தான். அதன் தொடக்கத்தில் கிட்டார் மெதுவாக ஒரு மெட்டு வாசிக்கும். அதற்கு வார்த்தை கிடையாது. அந்த மெட்டை மைதானம் முழுக்க ‘ஓ… ஓ…’ என்று பாடியது. வள்ளியூர் நண்பர் அந்த இடத்தில் பாடுவதை நிறுத்திவிட்டு அழுதாராம். அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக முணுமுணுத்த மெட்டு அது. முன்னப்பின்ன பார்த்திராத பல்லாயிரம் பேர் ஒரு சுரம் பிசகாமல் அதைப் பாடுகிறார்கள். இவர்களெல்லாம் இத்தனை வருடம் எங்கே இருந்தார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கும் அன்று அதேதான் தோன்றியது.

2007-இல் போனவர்களுக்கு ஒட்டிக்கொண்டுவிட்ட இன்னொரு நினைவும் உண்டு. அதே ராத்திரியில்தான் உலகக் கோப்பையில் இந்தியா வங்கதேசத்திடம் தோற்றது. கச்சேரி விட்டு வெளியே வந்தால் ரோட்டோரக் கடையில் 191-க்கு ஆல் அவுட் என்று பேசிக்கொள்கிறார்கள். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் விடிய விடிய உட்கார்ந்திருந்தபோது மற்றதும் தெரிந்தது. ஊரே துக்கத்தில் இருக்க, கறுப்புச் சட்டைக்காரர்கள் மட்டும் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தோம்.

“சுடலை கோயில் கொடையில மகுடம் கேட்டு வளர்ந்தவன் நான். எனக்கு இதுல புதுசா என்ன இருக்கு?”

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கோயில் கொடைவிழாவில் நடக்கும் கணியான் கூத்தில் மகுடம் என்ற தோல் வாத்தியம் இரண்டு, உச்சம் ஒன்று மந்தம் ஒன்று, நடுச்சாமத்தில் ஏறும்போது சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் நெஞ்சுக்கூட்டுக்குள் விழும். மெய்டன் மேடைக்கு முன்னால் நின்றபோது எனக்கு நேராக ஞாபகம் வந்தது அதுதான். பேஸ் கிட்டாரும் டிரம்மும் சேர்ந்து அடிக்கும்போது சட்டைத் துணி அதிரும். அதை எந்த ஹெட்போனும் தராது, ஏனென்றால் அந்தக் கீழ்ச் சுருதி காதால் மட்டும் கேட்கிற ஒன்று இல்லை, உடம்பு வாங்கிக்கொள்வது.

வித்தியாசமும் உண்டு. கொடையில் அருள் வருவது சிலருக்கு. மற்றவர்கள் சுற்றி நின்று பார்க்கிறோம். மெய்டன் கச்சேரியில் சுற்றி நின்று பார்க்க ஆள் யாரும் இல்லை. அப்புறம், கொடை நம்ம குடும்பத்தோடும் ஊரோடும் பிறவியிலேயே வருகிறது. இந்தக் கூட்டத்தை ஒவ்வொருவரும் தானாகத் தேடிக் கண்டுபிடித்து வந்து சேர்ந்தோம். இரண்டில் எது பெரிது என்று நான் பார்ப்பதில்லை.

“மெட்டாலிகா வந்தப்போ கலாட்டா ஆச்சாமே?”

அந்த அமெரிக்க மெட்டல் குழுவுக்கு அது நடந்தது டெல்லியை ஒட்டிய குர்கானில். 2011 அக்டோபர் 28 அன்று மேடைக்கு முன்னால் இருந்த தடுப்பில் பிரச்சினை வந்து கச்சேரி நின்றுபோனது. ஆத்திரப்பட்ட கூட்டம் மேடைப் பொருள்களை உடைத்தது. இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 30 ஞாயிற்றுக்கிழமை, பெங்களூர் அரண்மனை மைதானத்தில் நல்லபடியாக வாசித்தார்கள். நம்ம பக்கத்திலிருந்து போனவர்கள் பார்த்தது அதைத்தான்.

“கேட்டுட்டு வந்து ரெண்டு நாளா காதுல ‘கொய்ங்’னு இருக்கே?”

இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் வரை காது தாங்கும் என்பது பாதுகாப்புக் கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். மெட்டல் கச்சேரியில் மேடைப் பக்கம் அதைச் சாதாரணமாகத் தாண்டும். நீங்களோ இரண்டு மணி நேரம் நிற்கிறீர்கள். உள்காதிலுள்ள நுண்ணிய மயிரணுக்கள் செத்துப்போனால் திரும்ப முளைக்காது.

பஞ்சு வைப்பதில் பலன் கிடையாது. நுரையில் செய்த காதடைப்பான் விலை மிகக் குறைவு. அதை விரலால் மெல்லிசாக உருட்டி, இன்னொரு கையால் காது மடலை மேலே பின்னால் இழுத்து, உள்ளே வைத்து, விரியும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். பாட்டு கேட்காமல் போகாது, இரைச்சல்தான் குறையும். இரண்டு நாளைக்கு மேலும் ரீங்காரம் நிற்கவில்லை என்றால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். எங்களில் ஒருவருக்கு அந்த ரீங்காரம் நிரந்தரமாகவே தங்கிவிட்டது.

“ஒருத்தர் சொல்றது இன்னொருத்தர் சொல்றதோட ஒத்துவரலையே, யார் சொல்றது நிஜம்?”

பொய் சொல்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். இரண்டு பெங்களூர்க் கச்சேரிகளும் ஒரே மைதானம் என்பதால் பலருக்கு ஒன்றோடு ஒன்று கலந்துவிட்டது. பிரித்துப் பார்க்கச் சில அடையாளங்கள் உண்டு. 2007 சுற்றுப்பயணத்தில் அதற்கு முந்தின வருடம் வந்த ஆல்பத்தின் பாட்டுகள் அதிகம். மேலே சொன்ன மாலுமிப் பாட்டை நேரில் கேட்டேன் என்று ஒருவர் சொன்னால் அவர் பார்த்தது 2009-ஐ. 2008, 2009 சுற்றில்தான் பெரும்பாலும் 1980-களின் பாட்டுகளாகப் பொறுக்கி எடுத்து வாசித்தார்கள்.

விமானக் கதையும் அப்படித்தான். டிக்கின்சன் முறையான விமானி. குழுவையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு போயிங் 757 விமானத்தை அவரே ஓட்டி உலகம் சுற்றினார். ஆனால் அது 2008-இல் தொடங்கியது. 2007-இல் அந்த விமானத்தில் வந்து இறங்கினார்கள் என்றால் அது கலந்துபோன நினைவு. அதனால்தான் பார்த்தவர்கள் தங்கள் நினைவை இப்போதே எழுதி வையுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். எந்தப் பாட்டு என்பதை இணையத்தில் தேடிக்கொள்ளலாம். பக்கத்தில் நின்றது யார், ராத்திரி எங்கே சாப்பிட்டீர்கள் என்பதை வேறு யாரும் எழுத மாட்டார்கள்.

“எல்லாரும் கிழவனாயிட்டாங்க. இனிமே போய்ப் பார்க்கிறதுல என்ன இருக்கு?”

வயதானது உண்மைதான். நிக்கோவுக்கு 2023 ஜனவரியில் பக்கவாதம் வந்தது. மீண்டு வந்து வாசித்து, 2024 டிசம்பரில் சாவ் பாவ்லோ கச்சேரியோடு மேடைப் பயணத்திலிருந்து விலகினார். இப்போது சைமன் டாசன் வாசிக்கிறார். பழைய வேகத்தை எதிர்பார்த்துப் போனால் சில இடங்களில் ஏமாறுவீர்கள்.

ஆனாலும் போங்கள் என்றுதான் சொல்வேன். 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமின் வில்லா பார்க் மைதானத்தில் பிளாக் சபாத்தின் பழைய நால்வரும் கடைசியாக ஒன்றுசேர்ந்தார்கள். அதன் பாடகர் ஓசி ஆஸ்போர்னால் நிற்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தே பாடினார். 17 நாள் கழித்து, ஜூலை 22 அன்று இறந்துபோனார். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட இந்த வயதுக்காரர்கள் விஷயத்தில் இடமில்லை.

“நம்ம வ.உ.சி. மைதானத்துக்கு வருவாங்களா?”

மெய்டன் வர வாய்ப்பில்லை. அந்த அளவு மேடைக்கும் டிக்கெட் விற்பனைக்கும் பெருநகரம்தான் கட்டும். ஆனால் பாளையில் சபைப் பாடகர் குழுவில் கிட்டாரும் டிரம்மும் கற்ற பிள்ளைகளுக்குக் குறைவே இல்லை. நான்கு பேர் சேர்ந்து ஒரு ஹாலில் வாசித்தால் கேட்க நாங்கள் வருவோம். சொல்லி அனுப்புங்கள்.

“பழைய டிக்கெட்ல எழுத்து மங்குது. லேமினேட் பண்ணிரலாமா?”

பண்ணாதீர்கள். முதலில் அது சூடு பட்டால் அச்சாகும் காகிதமா என்று பாருங்கள். ஏடிஎம் ரசீது மாதிரி வழுவழுப்பாக இருந்தால் அதுதான். லேமினேஷன் இயந்திரத்தின் சூட்டில் அந்தக் காகிதம் முழுக்கக் கறுத்துவிடும். மங்குவதற்குள் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். பிறகு டிக்கெட்டைக் காகித உறையில் போட்டு, வெயிலும் சூடும் படாத பீரோவில் வைக்கலாம். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், சில வகைப் பிளாஸ்டிக் பட்டாலே எழுத்து போய்விடும். உறையின் மேல் தேதியையும் கூட வந்தவர்கள் பெயரையும் எழுதி வையுங்கள்.